கம்பர்லாந்து பீகிள் பண்ணை வழக்கு: அறிக்கைமேல் அறிக்கை எழுதியும் பத்து மாதம் ஏன்?

ஆய்வுக்கூட விலங்குகள் மோசமாக நடத்தப்பட்ட செய்தி வந்தாலே "கடுமையான சட்டம் வேண்டும்" என்றுதான் பேச்சு கிளம்பும். அமெரிக்காவில் ஆய்வுக்கு நாய் வளர்த்த ஒரு பண்ணை மீது நடந்த கம்பர்லாந்து வழக்கைப் படித்தால் அந்தப் பேச்சு கொஞ்சம் தடுமாறும். ஏனென்றால் அங்கே சட்டம் இருந்தது. அதிகாரிகள் சோதனைக்குப் போனார்கள், பார்த்ததை மழுப்பாமல் எழுதினார்கள், எழுதியது இணையத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வெளியானது. அப்படியும் 2021 ஜூலையில் கண்டுபிடித்த அவலம் 2022 மே வரை ஓடியது. இந்தப் பத்து மாதத்தில் கண்டுபிடிப்புக்குக் குறையே இல்லை. கண்டுபிடித்தவர் கையில் எழுதுகோல் இருந்தது, பூட்டு இல்லை. அதாவது, பூட்டும் சட்டத்தில் இருந்தது, யாரும் அதை எடுக்கவில்லை. என்னைப் பொறுத்தவரை வழக்கின் சாரம் இதுதான், மற்ற விவரமெல்லாம் இதைச் சுற்றித்தான்.

பண்ணையும் பீகிளும்

வர்ஜீனியா மாநிலத்தில் கம்பர்லாந்து என்ற ஊர்ப்புறக் கவுன்ட்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஒரு பெரிய நாய்ப் பண்ணை. செல்லப்பிராணியாக விற்பதற்கல்ல, மருந்து நிறுவனங்களுக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும் விற்பதற்கென்றே பீகிள் என்ற இன நாயை வளர்க்கும் இடம். முன்பு கோவன்ஸ் நிறுவனத்திடம் இருந்தது, 2019-ல் என்விகோ கைக்கு வந்தது. 2021 நவம்பரில் என்விகோவையே இனோடிவ் என்ற நிறுவனம் வாங்கியது. அப்போது சொல்லப்பட்ட விலை சுமார் 54.5 கோடி டாலர். இந்த எண்ணை மறக்காதீர்கள், பின்னால் அபராதத்தோடு ஒப்பிட வேண்டிவரும்.

ஏன் பீகிள்? கையில் தூக்கும் அளவு, ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இல்லாத உடல்வாகு, கூட்டமாக வைத்தாலும் ஒத்துப்போகும் சுபாவம். ஊசி போட்டவரிடமே மறுநாள் வாலாட்டிக்கொண்டு வரும். மனிதர்களுக்குக் கொடுப்பதற்கு முன் புது மருந்தின் நச்சுத்தன்மையை எலி போன்ற கொறிவிலங்கு ஒன்றிலும் கொறிவிலங்கல்லாத இனம் ஒன்றிலும் பார்ப்பது பல்லாண்டு வழக்கம். அந்த இரண்டாவது இடத்துக்குப் பெரும்பாலும் பீகிளைத்தான் எடுப்பார்கள். சாதுவாக இருப்பதாலேயே தேர்ந்தெடுக்கப்பட்ட விலங்கு என்பது நினைத்தால் சங்கடமாகத்தான் இருக்கிறது.

சட்டம் என்ன சொன்னது

1965-ல் பென்சில்வேனியாவில் பெப்பர் என்ற டால்மேஷன் நாய் வீட்டிலிருந்து காணாமல் போய், கைமாறிக் கைமாறி, நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் பரிசோதனையில் செத்தது. மறு ஆண்டு லைஃப் இதழ் நாய் வியாபாரிகளின் கொட்டடிகளைப் படம்பிடித்துப் போட்டது, நாடே கொதித்தது, 1966 ஆகஸ்டில் ஜனாதிபதி ஜான்சன் ஆய்வுக்கூட விலங்கு நலச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1970-ல் விலங்கு நலச் சட்டம் என்ற பெயரோடு அது விரிந்தது. அமல்படுத்தும் பொறுப்பு வேளாண் துறைக்கு. இங்கேயே ஒரு முடிச்சு இருக்கிறது: விவசாயத்தையும் கால்நடைத் தொழிலையும் வளர்ப்பதற்காக ஏற்பட்ட துறை அது, தொழில்செய்கிறவர்களோடு சேர்ந்து வேலை பார்ப்பது அதன் பிறவிக்குணம்.

1985-ல் பெரிய திருத்தம் வந்தது. அதற்கு முன்கதை சில்வர் ஸ்பிரிங் குரங்குகள். 1981-ல் மேரிலாந்து மாநில ஆய்வுக்கூடம் ஒன்றிலிருந்து போலீசார் 17 குரங்குகளைக் கைப்பற்றினார்கள். ஆய்வாளர் எட்வர்ட் டாப் மீது மாநில வதைத்தடைச் சட்டத்தில் வழக்கு. கீழ்நீதிமன்றம் குற்றவாளி என்றது, 1983-ல் மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மத்திய அரசின் பணத்தில், மத்திய விதிகளின்கீழ் நடக்கும் ஆய்வுக்கு மாநில வதைத்தடைச் சட்டம் பொருந்தாது என்பது காரணம். (அதே டாப் பின்னாளில் பக்கவாத நோயாளிகள் செயலிழந்த கையைத் திரும்பப் பழக்கும் சிகிச்சையை உருவாக்கினார். இந்த விஷயத்தில் நல்லவர் கெட்டவர் என்று கோடு போடுவது லேசில்லை.) அந்தக் கொந்தளிப்புக்குப் பிறகு வந்த 1985 திருத்தத்தில்தான் ஒவ்வொரு ஆய்வு நிறுவனத்திலும் விலங்கு பராமரிப்புக் குழு, நாய்களுக்கு உடற்பயிற்சி, குரங்கினங்களின் மனநலம் என்றெல்லாம் வந்தன. 1990-ல் வந்த இன்னொரு திருத்தத்தில் அவ்வளவாகப் பேசப்படாத ஒரு பிரிவும் சேர்ந்தது. ஒரு வியாபாரி விலங்கின் உடல்நலத்தைக் கடும் ஆபத்தில் வைத்திருக்கிறார் என்று வேளாண் அமைச்சர் கருதினால் தலைமை வழக்கறிஞருக்குச் சொல்ல வேண்டும், அவர் நீதிமன்றத்தில் உடனடித் தடை கேட்கலாம். நான் சொன்ன பூட்டு இதுதான். 2022-ல் கடைசியில் பயன்பட்டதும் இந்தப் பிரிவுதான், அப்போது அதற்கு வயது முப்பத்தொன்று.

சட்டத்தின் ஓட்டைகளையும் சொல்லிவிட வேண்டும். பரிசோதனையை எப்படி வடிவமைக்க வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும் என்பதில் துறை தலையிடக்கூடாது என்று சட்டமே கட்டிப்போட்டிருக்கிறது. 2002-ல் இன்னொரு திருத்தம், ஆய்வுக்கென வளர்க்கப்படும் எலி, சுண்டெலி, பறவை எல்லாம் "விலங்கு" என்ற வரையறைக்கே வெளியே போயின. ஆய்வுக்கூடங்களில் இருப்பதில் பெரும்பங்கு எலிகளும் சுண்டெலிகளும்தான். ஆனால் கம்பர்லாந்து வழக்குக்கு இந்த ஓட்டைகள் எதையும் சாக்காகச் சொல்ல முடியாது. நாய், வளர்க்கும் பண்ணை, மீறல் பரிசோதனையில் அல்ல, பராமரிப்பில். சட்டம் யாரைக் காக்க 1966-ல் பிறந்ததோ அதே நாய், சட்டம் முழுசாகக் கைவைக்கக்கூடிய இடம்.

லைசென்ஸ் பற்றி ஒரு வரி. 2020-ல் மாற்றிய விதிப்படி மூன்றாண்டு லைசென்ஸுக்குக் கட்டணம் 120 டாலர். ஐந்தாயிரம் நாய் வைத்திருக்கும் பண்ணைக்கும் அதேதான்.

அதிகாரிகள் பார்த்தது

2021 ஜூலையில் வேளாண் துறை அதிகாரிகள் சோதனைக்குப் போனார்கள். பீட்டா அமைப்பின் ஆள் ஒருவரும் அந்த ஆண்டு அங்கே ஊழியராகச் சேர்ந்து ரகசியமாகப் படம்பிடித்துக்கொண்டிருந்தார், அது நவம்பரில் வெளிவந்தது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. நான் இங்கே சொல்வது எல்லாம் அரசு அறிக்கைகளிலும் நீதிமன்ற ஆவணங்களிலும் இருப்பவை, போராளிகளின் வாதம் என்று தள்ளிவிட முடியாதவை.

அந்த ஆண்டின் முதல் ஏழு மாதத்தில் 300-க்கும் மேற்பட்ட குட்டிகள் "காரணம் தெரியவில்லை" என்ற குறிப்போடு செத்திருந்தன. குட்டி சாவது எந்தப் பண்ணையிலும் நடக்கும். காரணம் தெரியவில்லை என்று முந்நூறு தடவை எழுதிவிட்டு, காரணத்தைக் கண்டுபிடிக்க மேற்கொண்டு எதுவும் செய்யாமல் இருந்ததைத்தான் அதிகாரிகள் குறித்தார்கள். பால் கொடுத்துக்கொண்டிருந்த 13 தாய் நாய்களுக்குச் சுமார் 42 மணி நேரம் தீனி நிறுத்தப்பட்டிருந்தது, அவற்றிடம் பால் குடித்த குட்டிகள் 78. பால் மறக்கவைக்கும்போது மடிவீக்கம் வராமல் தடுக்க என்று ஒரு சமாதானம். பக்கத்துக் கூண்டு நாய் இடைவெளி வழியே காதையோ வாலையோ இழுத்துக் கடித்ததில் 71 நாய்களுக்குக் காயம். வெயில் காலத்தில் கூண்டுகளில் மணிக்கணக்காக 85 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் வெப்பம். பிறகு குளிர் வந்தபோது எட்டு வாரத்தில் 25 பச்சைக் குட்டிகள் குளிரில் விறைத்துச் செத்தன. தீனியில் புழு, வண்டு, பூஞ்சை.

ஆள்கணக்கைப் பார்த்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். ஊழியர்கள் சுமார் 32 பேர், அதில் நாய்களை நேரடியாகக் கவனிக்க 17 பேர். நாய்கள் ஏறக்குறைய 5,000. அதாவது ஆளுக்குத் தோராயமாக முந்நூறு நாய், தீனி போடுவது, கூண்டு கழுவுவது, ஒவ்வொன்றையும் தினம் பார்ப்பது, மருந்து கொடுப்பது எல்லாம் சேர்த்து, விடுமுறை நாளை எல்லாம் கழித்துப் பார்த்தால் அந்தக் கணக்கும் போதாது. அங்கே இருந்த ஊழியர்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. அந்த ஆள்பலத்தில் யார் போய் நின்றாலும் குட்டி சாகத்தான் செய்யும். வதை என்றதும் கையில் கம்போடு ஒருவரைக் கற்பனை செய்துகொள்கிறோம், இங்கே வதை செய்தது சம்பளப் பட்டியலில் எழுதாமல் விட்ட பெயர்கள்.

பத்து மாதம்

ஜூலை அறிக்கைக்குப் பிறகு அக்டோபரில் சோதனை, நவம்பரில் சோதனை, 2022-லும் சோதனை. மத்திய அரசு நீதிமன்றத்துக்குப் போனபோது சொன்ன கணக்குப்படி 60-க்கும் மேற்பட்ட மீறல்கள் பதிவாகியிருந்தன, அதில் பாதிக்கு மேல் "நேரடி" அல்லது "தீவிர" வகை. துறையின் மொழியில் நேரடி மீறல் என்றால் விலங்கின் உடல்நலத்தை இப்போதே கெடுத்துக்கொண்டிருப்பது, தாளில் கையெழுத்து விட்டுப்போன மாதிரி விஷயம் அல்ல.

இத்தனைக்கும் பிறகு துறை என்ன செய்தது? 2022 மே வரை லைசென்ஸை முடக்கவில்லை. ஒரு நாயைக்கூடப் பறிமுதல் செய்யவில்லை. அபராதமும் இல்லை. குறையைச் சொல்வது, சரிசெய்யக் கெடு கொடுப்பது, மறுபடி போய்ப் பார்ப்பது, மறுபடி கெடு. லைசென்ஸைத் தற்காலிகமாக 21 நாள் வரை நிறுத்திவைக்கும் அதிகாரம் துறைக்கே இருந்தது, அதற்கு நீதிமன்றம்கூட வேண்டாம்.

இது கம்பர்லாந்துக்கு மட்டும் வந்த சோம்பல் என்றால் ஒரு மேலதிகாரியை மாற்றிச் சரிசெய்துவிடலாம். அப்படி இல்லை. வேளாண் துறைக்குள்ளேயே இருக்கும் தலைமைத் தணிக்கை அலுவலகம் இதைப் பல தடவை எழுதியிருக்கிறது. 2005 தணிக்கையில், மீறுபவர்கள் அபராதத்தை வியாபாரச் செலவில் ஒன்றாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று எழுதினார்கள். 2014 தணிக்கையில், சட்டம் அனுமதிக்கும் உச்ச அபராதத்தில் சராசரியாக 86 சதவீதம் குறைத்து விதிக்கப்படுகிறது என்று கணக்குக் காட்டினார்கள். நூறு ரூபாய் அபராதத்துக்குப் பதினான்கு ரூபாய் வாங்கிக்கொண்டு அனுப்புகிற கதை.

துறையின் பக்கம் ஒரு வாதம் உண்டு, அதை முழுசாகத் தள்ளவும் முடியாது. லைசென்ஸை முடக்கினால் 5,000 நாய் எங்கே போகும்? பறிமுதல் செய்தால் வைக்க இடம் எது, தீனிக்குப் பணம் எது? ஒரு சோதனை அதிகாரி கையில் நாய்க்கொட்டில் இல்லை. அதனால் உள்ளே இருந்துகொண்டே சரிசெய்ய வைப்பது நடைமுறைக்கு ஒத்த வழி என்று தோன்றும். ஒரு தடவைக்கு ஒத்துக்கொள்ளலாம். இரண்டாவது சோதனையிலும் அதே வகை மீறல், மூன்றாவதிலும் அதே என்றால், உள்ளே இருந்து சரியாகும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் எங்கே? இடமில்லை என்ற வாதமும் அடுத்து நடந்ததைப் பார்த்தால் நிற்காது.

மே 18

2022 மே 18 அன்று மத்திய அதிகாரிகள் தேடுதல் வாரண்டோடு உள்ளே போனார்கள். போனது வழக்கமாகச் சோதனைக்கு வரும் பிரிவு அல்ல, வேளாண் துறையின் அந்தத் தலைமைத் தணிக்கை அலுவலகம்தான் முன்னின்றது, நீதித் துறை பின்னால் இருந்தது. உடனடி சிகிச்சை தேவைப்படும் நிலையில் இருந்ததாக மொத்தம் 446 நாய்களைக் கைப்பற்றினார்கள். மறுநாள் நீதித் துறை சிவில் வழக்குப் போட்டது, 21-ஆம் தேதி நீதிபதி நார்மன் மூன் இடைக்காலத் தடை விதித்தார். பத்து மாதம் கெடு கொடுத்த விஷயம் மூன்று நாளில் தடை உத்தரவாக மாறியது. வாதத்துக்குப் பயன்பட்ட சான்றில் பெரும்பகுதி என்ன தெரியுமா, முன்பே எழுதி இணையத்தில் போட்டிருந்த அதே சோதனை அறிக்கைகள்.

ஜூனில் இனோடிவ் பண்ணையை மூடுவதாக அறிவித்தது, கட்டடங்களைச் சீராக்க ஆகும் முதலீடும் காலமும் கட்டுப்படியாகாது என்று. ஜூலையில் சமரச உத்தரவு. மீதமிருந்த நாய்களை அமெரிக்க மனிதநேயச் சங்கம் பொறுப்பேற்றுப் பல மாநிலக் காப்பகங்களுக்கு அனுப்பியது, செப்டம்பர் தொடக்கத்தில் கடைசி நாய் வெளியேறியபோது கணக்கு 3,776. இடமில்லை என்றோமே, இரண்டு மாதத்துக்குள் இத்தனைக்கும் இடம் கிடைத்தது. பிரிட்டிஷ் இளவரசர் ஹாரி, மேகன் தம்பதிகூட ஒரு வயதான பெட்டையை எடுத்துக்கொண்டார்கள், ஊடகங்களில் வழக்கைவிட அதுதான் அதிகம் வந்தது. அந்தச் சமரசத்தில் அபராதம் கிடையாது, குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் இல்லை.

சாக்கடை கொடுத்த தண்டனை

கிரிமினல் வழக்கில் குற்ற ஒப்புதல் வர 2024 ஜூன் ஆனது. என்விகோவின் ஒரு நிறுவனம் விலங்கு நலச் சட்டத்தை மீறச் சதி செய்ததாக ஒப்புக்கொண்டது, இன்னொரு நிறுவனம் தூய நீர்ச் சட்டத்தை மீறச் சதி செய்ததாக. பண்ணையின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தைச் சரியாகப் பராமரிக்காததால் அரைகுறையாகச் சுத்திகரித்த நீர் பக்கத்து ஓடையில் கலந்தது, அதே கோளாறு நாய்களின் நலத்தையும் கெடுத்தது.

இரண்டில் விலங்கு நலச் சட்டக் குற்றம் சிறுகுற்ற வகை. பெருங்குற்ற வகையில் வந்தது நீர்ச் சட்டம்தான். முந்நூறு குட்டிகள் காரணம் தெரியாமல் செத்தது சட்டத்தின் பார்வையில் சின்னது, ஓடை அசுத்தமானது பெரியது. ஓடை முக்கியமில்லை என்று சொல்லவரவில்லை. 1966-லிருந்து திருத்தித் திருத்தி வளர்த்த ஒரு சட்டத்துக்கு, அதன் நடுமையத்தில் நடந்த மீறலைப் பெருங்குற்றம் என்று சொல்லக்கூட வலு இல்லை என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

மொத்தத் தொகை 3.5 கோடி டாலருக்கு மேல். இதில் அபராதம் 2.2 கோடி, இரண்டு சட்டத்துக்கும் சரிபாதி. 70 லட்சம் டாலர் தங்கள் மற்ற பண்ணைகளை விதிக்கு மேலான தரத்துக்கு உயர்த்த, 35 லட்சம் கம்பர்லாந்துச் சுற்றுச்சூழல் பணிக்கு, 19 லட்சம் மனிதநேயச் சங்கத்துக்கு நாய்களைப் பராமரித்த செலவுக்கு, மிச்சம் வர்ஜீனியாவின் விலங்குச் சண்டைத் தடுப்புப் படைக்கு. வெளியிலிருந்து கண்காணிப்பாளர் ஒருவரையும் நியமித்தார்கள். விலங்கு நலச் சட்ட வரலாற்றிலேயே பெரிய அபராதம் என்று நீதித் துறை அறிவித்தது, உண்மைதான். நிறுவனம் கைமாறிய 54.5 கோடியோடு வைத்துப் பாருங்கள், ஏழு சதவீதம்கூட வராது. இருந்தாலும் இதை "வியாபாரச் செலவு" என்று தள்ள மாட்டேன், பண்ணையே மூடிவிட்டது, அது செலவுக் கணக்கில் சேராது.

ஆராய்ச்சிக்காரர்கள் ஏன் கவலைப்பட வேண்டும்

இந்த வழக்கை விலங்குப் பிரியர்களின் வெற்றி என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை செய்கிறவர்கள்தான் இதைப் படித்துத் தூக்கம் கெட வேண்டும். பாதிப் பட்டினி, ஓயாத சண்டை, வெப்பம், குளிர், கவனிக்காத பல் நோய் எல்லாவற்றையும் தாங்கி வளர்ந்த நாயின் ரத்தப் பரிசோதனை எண்கள் ஆரோக்கியமான நாயின் எண்கள் ஆகாது. அழற்சி, மன அழுத்த ஹார்மோன், ஈரல் நொதி எல்லாம் ஏற்கெனவே ஏறியிருக்கும் விலங்குக்குப் புது மருந்தைக் கொடுத்துவிட்டு, மாற்றம் மருந்தால் வந்ததா வளர்ப்பால் வந்ததா என்று எப்படிப் பிரிப்பது? நல்ல மருந்து நச்சு என்று கைவிடப்படலாம், நச்சு மருந்து சாதாரண ஏற்ற இறக்கம் என்று தப்பிக்கலாம். பராமரிப்பு விதி அறிவியலுக்கு முட்டுக்கட்டை என்று முனகுகிறவர்கள் அந்தப் பண்ணை நாய்களின் எண்களை நம்பி முதல் டோஸை எடுத்துக்கொள்வார்களா?

2022 டிசம்பரில், புது மருந்துக்கு விலங்குப் பரிசோதனை கட்டாயம் என்று இருந்த சட்ட வரியை அமெரிக்கா நீக்கியது. கட்டாயம் போனது, தடை வரவில்லை. 2025 ஏப்ரலில் மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் மோனோகுளோனல் ஆன்டிபாடி மருந்துகளில் தொடங்கி விலங்குப் பரிசோதனையைப் படிப்படியாகக் குறைக்கும் திட்டத்தை வெளியிட்டது. நல்லது. அதுவரைக்கும் பண்ணைகள் இருக்கும், பண்ணைகள் இருக்கும்வரை இந்த வழக்கின் கேள்வியும் இருக்கும்.

என்ன மாறியது

வர்ஜீனியா வேகமாக நகர்ந்தது. தேடுதலுக்கு ஒரு மாதம் முன்பே, 2022 ஏப்ரலில், அப்போதைய ஆளுநர் கிளென் யங்கின், ஐந்து மசோதாக்களில் கையெழுத்திட்டார். விலங்கைக் கொல்வதற்கு முன் தத்துக்குக் கொடுக்க முன்வர வேண்டும், பதிவேடுகளைப் பத்திரமாக வைக்க வேண்டும் என்பதோடு, குறிப்பிட்ட வகை மத்திய மீறல் பதிவான பண்ணை அடுத்த இரண்டாண்டு ஆய்வுக்கு நாய் பூனை விற்கக் கூடாது என்பதும் அதில் ஒன்று. எனக்கு இதுதான் புத்திசாலித்தனமாகத் தெரிகிறது. மாநிலம் தனியாகச் சோதனை அதிகாரி வைக்கவில்லை. மத்திய அதிகாரி எழுதிய அறிக்கையையே எடுத்து, அதற்குத் தானாக விழும் விளைவை இணைத்துவிட்டது. யாரும் கூட்டம் போட்டு முடிவெடுக்க வேண்டாம், தொழிலோடு நட்பா பகையா என்று யோசிக்க வேண்டாம்.

இது நடக்க அறிக்கை வெளியில் தெரிய வேண்டும், அதுவும் உறுதியான விஷயம் அல்ல. 2017 பிப்ரவரியில் வேளாண் துறை இந்தச் சோதனை அறிக்கைகளை இணையதளத்திலிருந்து ஒரேயடியாக எடுத்துவிட்டது, நாடாளுமன்றம் தலையிட்ட பிறகு 2020-ல்தான் முழுசாகத் திரும்ப வந்தன. கம்பர்லாந்து ஜூலை அறிக்கை 2018-ல் எழுதப்பட்டிருந்தால் அது அலுவலகக் கோப்பிலேயே கிடந்திருக்கவும் கூடும்.

மத்திய மட்டத்தில் என்னைக் கேட்டால் ஒரே ஒரு மாற்றம் போதும், தீவிர அல்லது நேரடி மீறல் இரண்டு சோதனையில் தொடர்ந்தால் கோப்பு தானாக நீதித் துறைக்குப் போக வேண்டும். அமைச்சர் "கருதினால்" என்பதை எடுத்துவிட வேண்டும். இதற்குப் புதுத் துறையும் வேண்டாம், புதுப் பணமும் அதிகம் வேண்டாம்.

இன்னொரு தரப்பைப் பற்றி யாரும் பேசவில்லை, நாய் வாங்கியவர்கள். சட்டப்படி ஆய்வு நிறுவனம் லைசென்ஸ் உள்ளவரிடம் நாய் வாங்கலாம், என்விகோவிடம் லைசென்ஸ் இருந்தது, அதோடு அவர்கள் கடமை முடிந்தது. அவர்கள் ஒவ்வொருவரிடமும் 1985 திருத்தம் கொடுத்த விலங்கு பராமரிப்புக் குழு உண்டு, தங்கள் கூடத்துக்குள் கூண்டு எத்தனை அடி, மயக்கமருந்து எவ்வளவு என்று வரிவரியாகப் பார்ப்பார்கள். வாங்கும் பண்ணையின் கடைசி மூன்று சோதனை அறிக்கைகளைத் திறந்து பார் என்று அந்தக் குழுவை எந்த விதியும் கேட்கவில்லை. அந்த அறிக்கைகள் இணையத்துக்கும் வந்தன, வண்டிகளும் நாய்களோடு போய்க்கொண்டுதான் இருந்தன.